தேவேந்திரனின் இடது காது

என் வீட்டுக்காரர் தேவேந்திரனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கூட வாழ்ந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? அழுத்தக்காரர். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருப்பார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஈசிஜி மிஷின் ரிப்பேர் பார்த்து, கடைசியில் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் மருத்துவக் கருவிகள் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். நான் மாகறல்காரி, விவசாயக் குடும்பம். ஐயம்பேட்டை அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. அவருக்கோ யாரும் சத்தமாகப் பேசினால் ஆகாது. அவருடைய இடது காதுதான் காரணம்.

அந்தக் காதுக்குள் ஒரு சத்தம் இருந்தது. வெளியே ஒருத்தருக்கும் கேட்காது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சீறல். ஆனால் விசில் வந்து முடியவே முடியாது என்பார். டாக்டர்கள் அதற்கு டின்னிடஸ் என்று பேர் சொன்னார்கள். காதின் உள்ளே அடிபட்டுவிட்டது, மூளை இல்லாத சத்தத்தை உண்டாக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டில் அந்த மனிதரோடு இருப்பது நான் அல்லவா?

சத்தம் வந்தது அவர் தம்பி வசந்தின் சாவன்றைக்கு. ஒரே தம்பி. மாமனார் முன்னமே போய்விட்டதால் வசந்தைப் படிக்க வைத்ததும், பைக் வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அந்த பைக்கில்தான் அவன் வெள்ளைகேட் பக்கம் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். கல்யாணம்கூட ஆகாத பிள்ளை. கொள்ளிச்சட்டி தூக்குகிற கடமை அண்ணன் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்துச் சாவு ஊர்வலம் உங்களுக்குத் தெரியும். பூ இறைப்பார்கள், மேளம் அடிப்பார்கள், செத்தது இளவயசுப் பிள்ளை என்றால் கூட்டாளிகள் வெடி வெடித்தே தெருவை அதிர வைப்பார்கள். கொள்ளிச்சட்டியைத் தூக்கியவர் முன்னால் நடப்பார். அவர் சுடுகாடு போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கூடாது. பொம்பளைகள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டு, வீட்டைக் கழுவத் திரும்பிவிட்டோம். வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கம் வெடிச் சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர் இடது காதைக் கையால் பொத்தியிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். மேலே எறிந்த வெடி ஒன்று சாய்ந்து, இவர் காதுப் பக்கம் வந்து வெடித்தது என்று பங்காளி ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

அன்றையிலிருந்து என் வீட்டில் எவர்சில்வர் தட்டு கீழே விழக் கூடாது. மிக்ஸி போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். கருடசேவைத் திருவிழாவுக்கு ஊரே கூடும்போது இவர் மட்டும் பஸ் ஏறி மாகறலுக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். தூக்கம் கிடையாது. வலது பக்கம் ஒருக்களித்து, இடது காதை மேலே வைத்துக்கொண்டு, எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி படுத்திருப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். எங்கள் மகள் துர்கா நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டு, முன்னால் சுற்றி வந்து நின்று பேசப் பழகிவிட்டாள். வயிற்றெரிச்சலாக இருக்கும் எனக்கு.

காதுக்கு ஒரு கருவி செய்யப்போகிறேன் என்று அவரே ஆரம்பித்தபோது சும்மா விடுவேனா? செய்யுங்கள் என்று பின்னாலேயே நின்றேன். ஊரில் காது மூக்கு தொண்டை டாக்டர் சத்யப்ரியா இருக்கிறார். இவர் போய் அவரிடம் பேசியிருக்கிறார். காதுக்குள்ளே, ஓட்டைக்கு மேலே குழிவாக ஓர் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறதாம். அதைச் சின்ன மின்சாரத்தால் தட்டிக்கொண்டே, இயர்போனில் வேறு வேறு சுருதியில் ஓசை கொடுத்தால், மூளை தான் பிடித்து வைத்திருக்கிற பொய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம். எல்லாருக்கும் விடாது. சிலருக்கு விடும். வெளிநாட்டில் செய்கிறார்கள், விலை நம்மால் முடியாது. நம் ஊர்க் காதுக்கு, நம் ஊர் வெயிலுக்கு, வேர்வைக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அந்தக் கருவிக்காக நான் பட்ட பாட்டை யாரும் எழுதவில்லை, நானே சொல்கிறேன். கழுத்தில் மாட்டும் ஒரு வளையம், அதில் தீப்பெட்டி அளவு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு கிளிப். சோதித்துப் பார்த்ததெல்லாம் என் காதில். "உங்க காதுல வெச்சிப் பாருங்களேன்" என்றால், "என் காது கெட்ட காது, அதுல அளந்தா கணக்கு சரியா வராது" என்பார். கணக்கு டீச்சரிடம் கணக்குச் சொல்கிறார். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் அளவு சரி, சுருக்கென்றால் அதிகம். நான் "ஐயோ" என்றால் எழுதிக்கொள்வார்.

கிளிப்பின் உலோக முனை காதை அழுத்திப் புண்ணாக்கியது. தறி வீட்டுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? சின்னப் பஞ்சில் சரிகையைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து வைத்தார். வெள்ளிச் சரிகை சுற்றியவரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவசரத்துக்கு யாரோ மலிவு விலைச் சரிகை ஒரு சுருள் கொடுக்க, இவரும் உரசிப் பார்க்காமல் சுற்றிவிட்டார். உள்ளே செம்பு. என் காது பச்சைப் பசேலென்று ஆகி, வகுப்பில் பிள்ளைகள் "டீச்சர், காதுல பாசி புடிச்சிருக்குது" என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "தாலிக்குப் பக்கத்துல உங்க டப்பாவும் தொங்குது, காதும் பச்சையாச்சு, இன்னும் இன்னா பாக்கி?" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தார். வசந்த் போனபிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

கருவி தயாரானது. டாக்டர் தன் நோயாளிகளில் விருப்பப்பட்டவர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் சோதனை ஆரம்பித்தார். இவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் கேஸ் தீர்ந்து சிலிண்டர் மாற்றினேன், அதை உருட்டின சத்தத்துக்கு இவர் சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டார். பக்கத்தில் போனேன். "இது நிக்கணும்னா என் மூச்சு நிக்கணும் காயத்ரி" என்றார். சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளையிலிருந்து நீங்களும் மாட்டுகிறீர்கள், இல்லையென்றால் நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாகறல் போகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

தினமும் காலையில் காபி குடித்துவிட்டுக் கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்காருவார். "குறையுதா?" என்பேன். "கொஞ்சம்" என்பார். அவ்வளவுதான், நான் குளிர்ந்துபோனேன். ஏகாம்பரநாதருக்கு அர்ச்சனை செய்தேன். ஆனால் ராத்திரியில் அதே வலது பக்கப் படுக்கை, அதே உற்றுக் கேட்டல். நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் சத்யப்ரியா என்னைச் சனிக்கிழமைக்கு உதவிக்குக் கூப்பிட்டார். சோதனைக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் தோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம். அங்கம்மாள் என்று ஓர் அம்மா, ஏனாத்தூர்க்காரர். "வூட்டுக்காரரு கல்லாட்டம் இருக்கறாரு. நான் மூளிக்காதோட உக்கார்றதா? இரைச்சலே இருந்துட்டுப் போவுது" என்று எழுந்தே விட்டார். நான் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, மஞ்சள் தடவி, தோட்டு ஓட்டையில் செருகிவிட்டேன். காது குத்தின குழந்தைக்குச் செய்வதுதானே. "இது சரிம்மா" என்று அங்கம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

"தோட்டை ஏன் டாக்டர் கழட்டணும்? கிளிப் உள்ள குழியிலதானே?" என்று அப்புறம் கேட்டேன்.

"பாதிப் பேருக்குத்தாம்மா குழியில. மீதிப் பேருக்குத் தோடு போடற மடல்ல. அங்க அந்த நரம்பு கெடையாது. எறும்பு ஊர்றது மட்டும் இருக்கும், பலன் இருக்காது. பொய்க் கிளிப். நெஜமாவே கருவியாலதான் குறையுதா, மனசாலயான்னு தெரியணுமில்ல. மாட்டறது நீங்கங்கறதால சொல்றேன், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. உங்க வீட்டுக்காரருக்குக்கூட யாருக்கு எங்கன்னு தெரியாது. அதனாலதான் அவர் இந்த ரூமுக்கு வர்றதில்ல."

என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கிளிப்பை மாட்டுவது மடலில். குழியில் புண்ணாகும் என்று இடத்தை மாற்றியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடலில் கிளிப்போடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துர்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"அத எடுங்க."

"எதுக்கு?"

"அது பொய்க் கிளிப் போடற எடம். எனக்குத் தெரிஞ்சிபோச்சு. யாரை ஏமாத்தறீங்க? நான் இன்னா இளிச்சவாயா? அர்ச்சனை வேற பண்ணிட்டு வந்தேன்."

அவர் பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை இன்னும் மடித்தார். அப்புறம் சொன்னார்.

"சட்டியத் தூக்கிக்கினு போறப்ப வசந்த் பின்னாலேர்ந்து கூப்ட்டான் காயத்ரி. 'அண்ணா'ன்னு. இந்தக் காது பக்கம். அவ்ளோதான், வெடி வெடிச்சிது. அந்தக் குரல் மேலதான் இந்தச் சத்தம் வந்து வுழுந்துது. அடியில அது அப்படியே இருக்குது. எப்பவாச்சும் கேக்குது. சத்தத்த எடுத்துட்டா அதுவும் போயிடும்."

பாடையில் கட்டிக்கிடந்த பிள்ளை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்கலாம். கேட்டு? உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவருடைய இடது பக்கம் உட்கார எனக்கே பயமாகிவிட்டது. சாப்பிடும்போது வலது பக்கமாகச் சுற்றிப் போய்ப் பரிமாறினேன். ஸ்கூட்டரில் போகும்போது அவர் இடது தோளில் கை வைக்கத் தயங்கினேன். நடுப்பகல் வெளிச்சத்தில்கூட அங்கே யாரோ, இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் எனக்குச் சில்லென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்குப் பாண்டியன் வந்தான். வசந்தின் உயிர்க் கூட்டாளி. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வசந்த் இருந்தவரை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம். காரியத்துக்கு அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. நன்றி கெட்டவன் என்று நான் கரித்துக் கொட்டாத நாள் இல்லை. இப்போது என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தேவாண்ணன் செஞ்ச மிஷின்னு சொன்னாங்க அண்ணி. எனக்கும் ரெண்டு காதுலயும் கூவுது."

"எப்பலேர்ந்துபா?"

"எத்தினி சாவுக்கு வெடி போட்டிருப்பேன். அதான். ஆனா வசந்துக்குப் போட்டதுக்கப்புறம் கையால தொடல." தலை நிமிராமலே மேலே சொன்னான். "அண்ணன் காதாண்ட வெடிச்சது நான் போட்டது அண்ணி. கைய வுட்டு எறியும்போதே சாஞ்சிக்கிச்சு. பாத்துட்டேன். 'அண்ணா'ன்னு கத்தினேன். சட்டி கையில இருக்குது, திரும்பக் கூடாது, அவரு எப்படித் திரும்புவாரு? எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் கத்தினது அவருக்குக் கேட்டுதா? கேக்கவே இல்லன்னா, நான் கத்தினேனா, இல்ல கத்தினதா நானே நெனச்சிக்கினு இருக்கறனான்னு எனக்கே புரியல. கேட்டுச் சொல்றீங்களா அண்ணி?"

கிளிப் என் கையில் இருந்தது. அதை அவன் காதில் மாட்டக் கை வரவில்லை. இவனுக்கு என்ன சொல்வது? அவரிடம்தான் என்ன சொல்வது? சொன்னால் அவருக்கு வசந்தின் குரல் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் மடலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, ஒரு நாள் அந்தச் சத்தத்தோடேயே நின்றுபோவார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதே யோசனை. ஷேர் ஆட்டோவில் என் இறங்குமிடம் தாண்டிப் போய்விட்டேன்.

சொல்லிவிட்டேன். மனதில் வைத்துப் பூட்ட எனக்குத் தெரியாது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவரிடம் போய், பாண்டியன் வந்ததையும் கேட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் உடைந்துபோவார், இல்லை என்மேல் பாய்வார் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"பாண்டியன் குரல் எனக்குத் தெரியாதா? நம்ம வூட்ல வளந்த பையன்."

"அப்புறம் ஏங்க..."

"கூப்ட்ட ஒடனே தெரிஞ்சிது, பாண்டியன்தான்னு. திரும்பியிருக்கலாம். வெடிய பாத்திருப்பேன், நவுந்திருப்பேன். திரும்பிட்டா அது பாண்டியன்னு ஆயிடும். திரும்பாத வரைக்கும் வசந்த்தா இருக்கலாமில்ல? சட்டி தூக்கினவன் திரும்பக் கூடாதுன்றது எனக்கு ஒரு சாக்கு." தோளில் போட்ட துண்டை எடுத்து மறுபடி கொடியில் போட்டார். "அந்தப் பையன் இத்தினி வருசமா இதக் கேட்டுக்கினா இருக்கறான்?"

"ஆமாங்க. அவனும் தூங்கறதில்லயாம்."

அவர் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது பக்கம்தான் இடம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கிளினிக்குக்கு என்னோடு வந்தார். அறைக்குள் வரவில்லை, பாண்டியனை வெளியே கூப்பிட்டார். மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஜனங்கள் போய்வருகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் வாசல்படியில் நின்றேன். பாண்டியன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுதுபா" என்றார் அவர். "நீ கூப்ட்டது எனக்கு நல்லா கேட்டுது. நீதான்னு தெரிஞ்சிது. நான்தான் திரும்பல. உன் மேல ஒண்ணும் இல்ல."

பாண்டியன் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் இவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை நாள் வசந்தின் குரலென்று வைத்திருந்ததைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு அவன் குரலைத் திருப்பிக் கொடுத்தவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "நீயே மாட்டு" என்றார். உள்ளே குழியில் வைத்து மாட்டினேன். எறும்பு ஊர்கிறதா என்றேன், ஊர்கிறது என்றார். தினமும் நானே மாட்டினேன். அங்கம்மாளுக்கு ஒன்றும் குறையவில்லை, பாண்டியனுக்கு ஒரு காதில் தணிந்திருக்கிறது என்றார்கள். இவருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஆனால் எப்போதிருந்து என்று தெரியவில்லை, அவர் மல்லாந்து படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார்.

கார்த்திகை மாதம் ஒரு காலை. மழை விட்டு வெயில் அடித்தது. நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். "காயத்ரி, இங்க வா" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இல்ல" என்றார்.

"எது இல்லங்க?"

காதைத் தொட்டுக் காட்டினார். "ஒண்ணுமே இல்ல."

இதற்காக நான் எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வந்துவிட்டது. சாயங்காலம் மெலிசாகத் திரும்பி வரும், மறுபடி போகும், அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஆனால் அந்தக் காலையில் சுத்தமாக இல்லை. அவர் முகத்தில் சந்தோஷம் என்பது மருந்துக்கும் இல்லை. வாய் கோணிக்கொண்டு, தோள் குலுங்கி, அவர் அழுதார். தம்பி பிணமாகக் கிடந்தபோது அழாத மனிதர், தாய்க்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர், இத்தனை வருஷம் கழித்து, "செத்துட்டான் காயத்ரி, செத்துட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, குனிந்து என் காதை அவருடைய இடது காதோடு ஒட்டி வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் அழுகையை நிறுத்தினார். அசையாமல் இருந்தார்.

"கேக்குதா?" என்றார்.

"இல்லங்க" என்றேன்.